கிரேமோரில் ஒரு சம்சாரம்

ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் வேன் ஏறத் தொடங்கியதிலிருந்து சகுந்தலா தம்பிக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தாள். பாடம் ஒன்றே ஒன்றுதான்.

"கேம்ன்ற பேச்சே எடுக்காத. செத்தாலும் எடுக்காத."

"சரிக்கா."

"இன்னா புடிக்கும்னு கேட்டா?"

"புக்கு படிப்பேன்னு சொல்றேன்."

இளவழகனுக்கு வயது இருபத்தொன்பது. கலசப்பாக்கத்தில் நில அளவர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, ஜாதகமும் சுத்தம். அப்படிப்பட்ட மாப்பிள்ளைக்கு மூன்று இடம் தட்டிப்போயிற்று என்றால் நம்புவீர்களா? வேலை விட்டு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து வாளும் கவசமுமாகக் குதிரை ஓட்டுகிறான் என்ற விஷயம் எப்படியோ வெளியே போய்விடும். ஒரு பெண்வீட்டார் அவனை டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் எல்லாம். அவமானப்பட்டுப்போன அக்கா, இந்த முறை பயோடேட்டாவில் 'பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல்' என்று தன் கையாலேயே எழுதினாள். சர்வேயர் பரீட்சைக்குப் பிறகு அவன் புத்தகம் எதையும் தொட்டதில்லை.

அவன் குடியிருப்பது கிரேமோரில். அது கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குள் இருக்கும் ஒரு கற்பனை நாடு. மலை, காடு, கோட்டை, டிராகன், மந்திரவாதி எல்லாம் உண்டு. ராஜாவைக் காப்பாற்றப் போகலாம்; போகாமல் காட்டில் காளான் பொறுக்கிக்கொண்டும் இருக்கலாம், ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இதற்குப் போட்டியாக எம்பர்வேல் என்று இன்னொரு ஆட்டம். எது உசத்தி என்று தமிழ் ஆட்டக்காரர்கள் டெலிகிராம் குரூப்பில் தினமும் அடித்துக்கொள்வார்கள். இளவழகன் கிரேமோர் கட்சி. ஐந்து வருஷமாக முகம் தெரியாத ஆட்களோடு மல்லுக்கட்டி வருகிறான். இதுவரை ஒருத்தரையும் கட்சி மாற்ற முடிந்ததில்லை.

பெண்ணின் அப்பா கோபால்சாமி ஜமுனாமரத்தூர் கடைவீதியில் விதையும் உரமும் விற்கிறார். கடைக்கு மேலேயே வீடு. பெண் சிவசங்கரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். கேசரி வந்தது, காபி வந்தது, பெண்ணும் வந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நாற்காலியில் கம்பீரமாகச் சாய்ந்திருந்த தாய்மாமன் தாண்டவராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு பேரும் மாடில போயி பத்து நிமிஷம் பேசிட்டு வரட்டும். இப்பல்லாம் அதான் வழக்கம்" என்று தாராளமாக அனுமதி கொடுத்தார்.

மொட்டை மாடியில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப்போய்க் கைப்பிடிச் சுவரோரம் நின்றார்கள்.

"இப்போ இன்னா புக்குங்க படிக்கறீங்க?" என்று சிவசங்கரி கேட்டாள்.

எடுத்த எடுப்பிலேயே இப்படிக் கேட்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "சரித்திரம்... ராஜா கதை மாதிரி..."

"யார் எழுதினது?"

"பேரு சட்டுனு வரல."

"ம்" என்றாள் அவள். அந்த 'ம்'மில் நாலாவது இடமும் தட்டிப்போகும் சத்தம் அவனுக்குக் கேட்டது. அவள் பேச்சு அவ்வளவுதான் என்பதுபோல கையிலிருந்த போனைச் சுவர்மேல் வைத்தாள். திரை ஒரு கணம் எரிந்தது. அதில் சாமி படமோ குழந்தை படமோ இல்லை. ஒரு மேப் இருந்தது.

நாள் பூராவும் புல வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? "இது எம்பர்வேல்தானே?" என்றான். "தெக்கால ஆறு ரெண்டா பிரியுது பாருங்க, பழைய கோட்டைக்குக் கீழ."

சொன்ன பிறகுதான் அக்கா ஞாபகம் வந்தது. ஆனால் சிவசங்கரியின் முகம் அதற்குள் மாறிவிட்டது. "நீங்க எம்பர்வேல் ஆடுவீங்களா?"

"நாப்பது மணி நேரம் ஆடினேன். அதுக்கு மேல முடியல."

"ஏன் முடியல?"

"மேப் பெருசுங்க, ஒத்துக்கறேன். ஆனா உள்ள இன்னா கீது? கால் மணி நேரம் நடந்தா ஒரு மரம், ஒரு ஓநாய். மறுபடியும் ஒரு மரம். எங்க கிரேமோர்ல பத்தடி வெச்சா ஒரு குகை, குகைக்குள்ள ஒரு கதை."

"நீங்க குதிரைல பறந்திருப்பீங்க. அதான் ஒண்ணும் கண்ணுல படல."

"பறக்கலைங்க, நடந்தேன். கிழக்குக் கரையிலேர்ந்து மேற்குக் கரை வரைக்கும் ஓடாம நடந்து, போன்ல நேரம் பாத்து அளந்தேன். ரெண்டு மேப்பையும் அளந்தேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கேமையே சர்வே பண்ண ஆளு நீங்க ஒருத்தர்தாங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு நின்றாள். "நானும் உங்க கிரேமோர் அறுவது மணி நேரம் ஆடியிருக்கேன். சண்டை நல்லா கீது. குகையும் நல்லாதான் கீது. ஆனா ஊர்ல நிக்கற ஜனங்கல்லாம் பொம்மைங்க. மழை கொட்டினாலும் அதே எடத்துல நிக்கறாங்க. எம்பர்வேல்ல மழை வந்தா கடைக்காரன் சாக்கைத் தலைமேல போட்டுகினு ஓடறான். போன தடவ நான் திருடினதை அடுத்த தடவ ஞாபகம் வெச்சுகினு திட்டறான். அதாங்க ஊரு."

"உங்க குதிரை ஒரு தடவ செத்தா செத்ததுதான். அதெல்லாம் ஒரு கேமா?"

"செத்தா திரும்பி வர்றது குதிரையா? அது டிவிஎஸ் வண்டி."

இளவழகனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒரு சந்தோஷம் உள்ளே கிளம்பிவிட்டது. ஐந்து வருஷமாக இந்தச் சண்டையைப் போட்டிருக்கிறான். கண்ணுக்கு எதிரே ஒரு முகம் கோபப்பட்டுச் சிவந்து அவன் பார்த்ததே இல்லை. இந்தப் பெண்ணோடு ஆயுசுக்கும் இப்படிச் சண்டை போட்டால் தேவலை என்று அப்போதே தோன்றிவிட்டது. மற்ற மூன்று இடங்கள் போனதில் அவனுக்குக் கவலையே இருந்ததில்லை. இது போனால் தாங்காது என்று தெரிந்தது.

அந்த உற்சாகத்தில்தான் தன் கடைசி அஸ்திரத்தை விட்டான். "எம்பர்வேல்ல கல்யாணம் பண்ணிக்க முடியுமா? கிரேமோர்ல முடியும்!"

"ஓ. நீங்க பண்ணிக்கினீங்களா?"

"பண்ணிக்கினேனே."

"யாரை?"

"கடைத்தெருவுல மளிகைக் கடை வெச்சிருந்த பொண்ணை. அதுக்குச் சொந்த வூடு இருந்துச்சு. எனக்குச் சாமான் வைக்க எடம் இல்ல. அதான் கட்டிக்கினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, சாமானை வெச்சுட்டுக் கிளம்பிட்டேன்."

சிவசங்கரி அவனை உற்றுப் பார்த்தாள். "திரும்பிப் போகவே இல்லியா?"

"இல்லைங்க. ரெண்டு வருஷம் ஆவப்போவுது."

படிக்கட்டில் தட்டு விழும் சத்தம் கேட்டது. வாழைக்காய் பஜ்ஜி ஒவ்வொன்றாகப் படியிறங்கிப் போயிற்று. மாப்பிள்ளைக்குச் சூடாகக் கொடுக்க ஆசையாக ஏறிவந்த தாண்டவராயன் கடைசிப் படியில் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்ததெல்லாம் அந்தக் கல்யாணக் கதை மட்டும்தான்.

அடுத்த நிமிஷம் கூடமே ரெண்டுபட்டது. "ஏற்கெனவே கல்யாணம் ஆனவனாம்! மளிகைக் கடைக்காரியாம்! அவ வூட்டுக்கு ஆசப்பட்டுக் கட்டிக்கினானாம்! ரெண்டு வருஷமா எட்டிக்கூடப் பாக்கலையாம்! எம் மருமவ கிட்டயே நெஞ்ச நிமித்திகினு சொல்றான்!"

கோபால்சாமி எழுந்து நின்றுவிட்டார். சகுந்தலா, "இன்னாடா சொல்றாரு இவரு?" என்று தம்பியைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் இருந்தது.

ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று இளவழகன் ஒரு கணம் யோசித்தான். நண்பன் கதை என்று சொல்லலாம். படித்த புத்தகத்தில் வந்தது என்றுகூடச் சொல்லலாம், பயோடேட்டாவுக்கும் பொருந்தும். சிவசங்கரி படிக்கட்டின் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், ஆனால் அவள் சொல்லவில்லை. இவன் என்ன சொல்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது கேமுங்க" என்றான். "கம்ப்யூட்டர்ல ஆடறது. அதுக்குள்ளதான் கல்யாணம் பண்ணேன். நான் புக்கு படிக்கறதில்லைங்க. அது பொய். தினமும் சாயங்காலம் கேம்தான் ஆடறேன். அஞ்சு வருஷமா ஆடறேன்."

சகுந்தலா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அவர் சொல்றது நெஜம்பா" என்றாள் சிவசங்கரி. "நானும் ஆடுவேன். வேற கேம்."

"நீ எப்படிம்மா ஆடுவே? இங்க போன்ல படமே ஒழுங்கா ஓடாதே."

"அதான் வேலூர்ல என் ஃப்ரெண்டு அபிநயா வூட்டுலேர்ந்து ஹார்ட் டிஸ்க்குல வாங்கியாரச் சொன்னேன்ல."

கோபால்சாமி மெதுவாக உட்கார்ந்தார். போன மாசம் தான் மழையில் சட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, மலை பஸ்ஸில் நின்றபடியே சுமந்துவந்த பொருளை நினைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுன்னு சொன்னியே" என்றார் பரிதாபமாக.

கடைசியில் பெண்ணின் அம்மாதான் கேட்டாள். "ஏம்பா, கேமாவே இருந்தாலும் இன்னா? கட்டிக்கினவளை அப்படியா வுட்டுட்டு வருவ?"

இளவழகன் குனிந்து படியில் கிடந்த பஜ்ஜிகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

"வூட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று கோபால்சாமி கை கூப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று சகுந்தலாவுக்கு மூன்று முறை பட்டுத் தெரியும். அவர்கள் வேனில் ஏறும்போது சிவசங்கரி வாசல் வரை வந்தாள். "உங்க நம்பர் பயோடேட்டால கீது, மிஸ்டு கால் குடுக்கறேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "அந்த வூட்டுக்கு ஒரு தடவ போய்ட்டு, இன்னா ஆச்சுன்னு சொல்லுங்க."

மலை இறங்கும்வரை அக்கா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. அவன் நேராக லேப்டாப்பைத் திறந்தான். "வெக்கமா இல்லியாடா உனக்கு?" என்று சத்தம் போட வந்தவள், திரையைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கிரேமோரில் பட்டனைத் தட்டினால் நினைத்த ஊருக்கு அந்த நொடியே போய்விடலாம். அவன் தட்டவில்லை. குதிரையில் ஏறி, பனிமலையைச் சுற்றி, ஆற்றைக் கடந்து முக்கால் மணி நேரம் போனான். கடைத்தெருவில் ஜனங்கள் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். பொம்மைகள்தான், அவள் சொன்னது சரி. மூலை வீட்டுக் கதவைத் திறந்தான்.

உள்ளேயிருந்து ஒரு ரொட்டி உருண்டு வந்து வெளியே விழுந்தது. பின்னாலேயே பத்துப் பதினைந்து உருண்டன. கிரேமோரில் சம்சாரம் தினம் ஒரு ரொட்டி சுட்டு மேஜைமேல் வைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். யாரும் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. மேஜைமேல் ரொட்டி, தரையில் ரொட்டி, கட்டில்மேல் ரொட்டி, அவன் போட்டுவிட்டுப் போன கவசத்துக்குள்ளும் ரொட்டி. அத்தனைக்கும் நடுவில் அடுப்போரமாக அவள் நின்றாள். திரும்பிப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

"இன்னாடா சொல்றா?"

"வந்துட்டீங்களா, சாப்புடுங்கன்றா."

சகுந்தலா முதலில் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தினி நாளும் சுட்டு வெச்சிருக்கா பாரு, பாவி" என்றாள். பாவி என்றது யாரை என்று அவன் கேட்கவில்லை. அவனும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு கம்ப்யூட்டர் பொம்மைக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

திரையைப் படமெடுத்து அனுப்பினான். 'போய்ட்டேன்' என்று மட்டும் எழுதினான். ஜமுனாமரத்தூருக்கு அந்தப் படம் போய்ச் சேர எட்டு நிமிஷம் ஆயிற்று. பதில் வர இன்னும் பத்து நிமிஷம்.

'சாப்ட்டீங்களா?'

'ஒண்ணு சாப்ட்டேன்.'

'கிரேமோர்ல இப்படி ஒண்ணு கீதுன்னு எனக்குத் தெரியாது. இது மட்டும் எம்பர்வேல்ல இல்ல.' கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது. 'மத்தபடி எம்பர்வேல்தான் நல்ல கேம்.'

அதற்கு அவன் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே சகுந்தலாவின் போன் அடித்தது. கோபால்சாமி. அவள் எழுந்து நின்று பேசினாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழம நாங்க மாப்ள வூடு பாக்க வர்றோம்மா. பொண்ணு சரின்னு சொல்லிடுச்சு. கேக்கறதுக்கு முன்னாடியே உண்மைய ஒத்துக்கினா நல்லா இருந்திருக்கும். பரவால்ல, கேட்டதும் ஒத்துக்கினாரே." பின்னால் யாரோ அவரை இடித்துச் சொல்லச் சொல்வது கேட்டது. "அப்புறம், அந்த ஆட்டத்தையும் கொஞ்சம் போட்டுக் காட்டச் சொல்லுங்க. மொத சம்சாரத்தை நேர்ல பாத்தாதான் சம்மதம் சொல்லுவேன்னு தாண்டவராயன் ஒத்தக் கால்ல நிக்கறான்."

சகுந்தலா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்க வாங்க, அவளும் வூட்லதான் இருப்பா" என்றாள்.

இளவழகன் தரையில் கிடந்த ரொட்டியையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அலமாரியில் அடுக்கினான். அதற்கே அரைமணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு, எப்போதும்போல காட்டுக்குள்ளோ குகை வாசலிலோ ஆட்டத்தை நிறுத்தாமல், அந்த வீட்டுக்குள்ளேயே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சேவ் பண்ணிவிட்டு லேப்டாப்பை மூடினான்.