சுக்ரனுக்கு ஆகாத அத்தி

விஷ்ணுப்ரியாவின் அத்திச்செடி வீடு மாறிப் பழகியது. கல்யாணமான புதிதில் பேரூர்க்கடை மாடி வீட்டுக்கு ஒரு முழ உயரத்தில் வந்தது. அங்கிருந்து பூஜப்புரைக்கு ஆட்டோவில், அவள் மடியில் உட்கார்ந்து போனது. இப்போது கரமனை அக்கிரகாரத்துக்கு டெம்போவில், பீரோவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே கயிறு கட்டி நின்றபடி வந்து இறங்கியிருந்தது. இந்த முறை வாடகை வீடு இல்லை. பின்னால் கிணறும், கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் மண்ணும் உள்ள சொந்த வீடு.

"இனிமே அதைச் சட்டியிலேர்ந்து இறக்கிடலாமே ப்ரியா" என்றான் அவள் கணவன் அனந்த். "பாவம், எத்தனை வருஷம் காலை மடக்கிண்டே நிக்கும்?"

"அது பழகியாச்சு."

"வேர் அடி ஓட்டை வழியா வெளில வந்து எட்டிப் பாக்கறது. நீதான் பாக்க மாட்டேங்கற."

"இடவப்பாதி மழையில கிணத்தங்கரை எப்படி இருக்கும்னு தெரியுமா உனக்கு? பம்பாய்க்காரனுக்கு எங்க தெரியும். மண்ணில வெச்சா வேர் அழுகிப்போகும். சட்டின்னா, மழை வந்தா தாழ்வாரத்துக்கு இழுத்துக்கலாம்."

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. அவள் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில், எங்கோ வெயில் காயும் ஊர்களில், ஆட்கள் பேசிக்கொண்டே கையை நீட்டி மரத்திலிருந்து ஒரு அத்திப்பழத்தைப் பறித்துத் தின்பார்கள். எழுதியவர் அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் சொல்லமாட்டார். அந்த ஊர்க்காரர்களுக்கு அது நமக்குக் கொய்யாப்பழம் மாதிரி. விஷ்ணுப்ரியா அங்கேயே நின்றுவிடுவாள். கொலை நடக்கிற பக்கத்தைக்கூட அவளால் தாண்டிப்போக முடியும், அத்திப்பழப் பக்கத்தைத் தாண்ட முடியாது. அவள் அறிந்த அத்திப்பழம், சாலைக் கடைத்தெருவில் நாரில் கோர்த்து மாலையாகத் தொங்கும், அமுங்கித் தட்டையான உலர்ந்த பழம்தான். மரத்திலேயே பழுத்த ஒன்றை, அதன் சூடு ஆறுமுன் தின்ன வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

செடி இதற்கு முன்னும் காய்த்ததுண்டு. கோலிக்குண்டு அளவு வந்ததும் உதிர்த்துவிடும். இந்த வருஷம்தான் முதன்முறையாக நான்கைந்து காய்கள் உதிராமல் நின்று, உப்பி, காம்பு லேசாகத் தலைகுனியத் தொடங்கியிருந்தன.

"ஒரே ஒரு பழம் நான் தின்னுக்கறேன்" என்று அவள் அனந்திடம் சொல்லிவைத்தாள். "அப்பறம் நீ அதை எங்க வேணா நட்டுக்கோ. அதுவரைக்கும் யாரும் தொடப்படாது."

அனந்த் சம்மதித்தான். அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் நினைத்திருந்தான்.

அவனுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. பட்டம் ஜங்ஷனில் அவள் வேலைபார்க்கும் கண் ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு அவள் பஸ் ஏறிப் போன ஒரு வெள்ளிக்கிழமை காலை, பின்பக்கச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு நாகேஸ்வரன். தெருவில் பாதிப்பேருக்கு அவர்தான் வாத்யார். ஸ்கூட்டரில் ஹோமகுண்டத்துச் செங்கல்லைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறவர்.

"அனந்து, உங்காத்துல அத்தி இருக்கில்லையா?"

"இருக்கு மாமா."

"பகவான் இருக்கார். இன்னிக்கு ஒரு பிளாட்டுல நவக்கிரக ஹோமம். கிழக்கேகோட்டையில வாங்கின சமித்துக்கட்டை இப்போ பிரிச்சுப் பாக்கறேன், ஒம்போது கிரகத்துல சுக்ரனோடது மட்டும் இல்லை. அத்திக் குச்சி வேணும். ஒவ்வொண்ணும் ஒரு சாண்."

வந்து இரண்டு மாதம் ஆகியும் தெருவில் அவர்களைப் 'புது ஆட்கள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதன்முதலாக ஒருவர் உரிமையோடு ஒன்றைக் கேட்கிறார். அதுவும் ஹோமத்துக்கு. காய் இல்லாத கிளை ஒன்றை வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்து, அனந்த் கத்தரியை எடுத்துவந்தான்.

"எத்தனை வேணும் மாமா?"

"முறைப்படி நூத்தெட்டு."

அனந்த் செடியைப் பார்த்தான்.

"இருபத்தெட்டுன்னா ஒப்பேத்திடலாம்" என்று குளிக்க ஓடினார் நாகேஸ்வரன்.

முதல் கிளையில் நாலு குச்சி தேறியது. அடுத்ததில் ஐந்து. பாதியில் நிறுத்தி, ஹோமத்துக்கு வெட்டியது போதவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இலையை உருவி, சாண் அளந்து, செய்தித்தாளில் சுற்றிச் சுவருக்கு மேலே கொடுத்தபோது, தொட்டியில் முழங்கால் உயர மொட்டைக் கட்டை ஒன்று நின்றது. காய்களை மட்டும் பத்திரமாக ஒரு கிண்ணத்தில் போட்டு மேசைமேல் வைத்தான்.

சாயங்காலம் வந்த விஷ்ணுப்ரியா முதலில் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் போய்ப் பார்த்தாள். காய்களின் காம்பில் பால் வழிந்து உறைந்திருந்தது.

"வெளில வெச்சா பழுக்காதா?" என்று மெல்லக் கேட்டான் அனந்த்.

"இது மாங்காய் இல்லை."

காப்பி போட்டாள், தனக்கு மட்டும்.

இருட்டுகிற நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. நாகேஸ்வரன் அதே செய்தித்தாள் கட்டோடு உள்ளே வந்தார். மறு கையால் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஓய் அனந்து, இது எந்து அத்தியாக்கும்?"

"அத்திதான் மாமா. நர்சரியில அப்படித்தான் சொல்லிக் கொடுத்தா."

"சீமை அத்தியாக்கும் இது! தின்னற அத்தி! சுக்ரனுக்கு உண்டானது நாட்டு அத்தின்னா. நானும் அவசரத்துல நீ குடுத்த கட்டைப் பிரிச்சுப் பாக்கலை. அங்க போய்க் கையில எடுத்தா பால் ஒட்டறது, அரிப்புன்னா அரிப்பு. அக்னிக்கு முன்னாடி உக்காந்து நான் சொறிஞ்சிண்டிருக்கேன், பிளாட்காரர் என் மூஞ்சியையே பாக்கறார்."

"அப்பறம் என்ன பண்ணினேள்?" விஷ்ணுப்ரியா கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள்.

"குருவோட அரசங்குச்சி மிச்சம் இருந்தது. அதையே சுக்ரனுக்குப் போட்டேன். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஒருநாள் பொறுத்துக்கட்டும், வேற எந்து செய்ய?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அனந்த் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சிரிக்காதே" என்றாள் அவனிடம். "உனக்கு இன்னும் சிரிக்கறதுக்கு அனுமதி கிடையாது."

கட்டைப் பிரித்தாள். இருபத்தெட்டுக் குச்சிகள், அத்தனையும் பச்சையாக, கணுக்கணுவாக மொட்டு வைத்து. அத்தி குச்சியிலிருந்தே துளிர்க்கும் என்று அவளுக்குத் தெரியும். தன் செடியை வெட்டத்தான் இத்தனை வருஷமும் மனம் வரவில்லை. அனந்த் வெட்டிய வெட்டில் எது தலை, எது கால் என்று தெரியவில்லை. சமையலறை விளக்கின் கீழ் உட்கார்ந்து, இலை உருவிய தழும்புக்கு மேலே மொட்டு இருக்கிற பக்கம் தலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கினாள். தயிர் டப்பா, பெயின்ட் வாளி, உடைந்த குடம் என்று எதில் மண் நிற்குமோ அதிலெல்லாம் மறுநாள் நட்டார்கள். மிஞ்சியதில் மூன்றைக் கிணற்றங்கரையில், மண்ணை மேடாகக் குவித்து அவளே குத்தினாள். தாய்ச்செடியை இறக்கப் பயந்தவளுக்குக் குச்சிகளை இறக்கப் பயமில்லை. நாகேஸ்வரன் தன் வீட்டில் நட ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டு போனார், இந்த முறை துண்டில் சுற்றி.

மொட்டைக் கட்டை விஷுவுக்கு முன்பே துளிர்த்தது. பழைய கிளைகளைவிடத் தடித்த புதுக் கிளைகள், ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் ஒரு காய். வெட்டினால்தான் இது இப்படிக் காய்க்கும் போலிருக்கிறது என்றாள் அவள். அனந்த் புத்திசாலித்தனமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

மழை வந்தது. மண்ணில் வைத்த மூன்றில் இரண்டு அழுகின. மூன்றாவது, முறம் முறமாக இலைவிட்டு, தொட்டிகளில் இருந்த தன் கூடப்பிறந்தவர்களையெல்லாம் தாண்டி, ஒரு காய்கூட இல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. பெரிய தொட்டியை இருவருமாகத் தாழ்வாரத்துக்கு இழுத்தார்கள். அணில் வராமல் காய்களுக்கு அவளுடைய பழைய துப்பட்டாவைச் சுற்றினார்கள்.

மழை வெறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துப்பட்டாவுக்குள் ஒன்று கழுத்து வளைந்து, தோல் வெடித்து, ஊதா நிறத்தில் தொங்கியது. விஷ்ணுப்ரியா கையை நீட்டினாள். தொட்டவுடன் வந்துவிட்டது. கழுவவில்லை, அறுக்கவில்லை, கடித்தாள்.

மழை குடித்த பழம். நினைத்திருந்த அளவு இனிப்பில்லை. வெள்ளரிப்பிஞ்சுக்கும் தேனுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. நாவல்காரர்கள் ஏன் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. தின்கிற வாய்க்குச் சொல்ல நேரமில்லை. பாதியை அனந்திடம் நீட்டினாள்.

"எனக்கா?"

"வெட்டினவனுக்கும் பங்குண்டு."

அவன் விரலை நக்கிக்கொண்டே தொட்டியைக் காட்டினான். "பழம் தின்னாச்சு. அப்போ இதை இறக்கலாமா? நீதானே சொன்னே."

"ஒண்ணுதான் கீழ நிக்கறதே, அதைப் பாத்துக்கோ. இது எங்கூட இங்கயே இருக்கட்டும்."

"அப்போ நாம இனிமே எங்கயும் போறதில்லையா?"

"போறதாவது? கிணத்தங்கரையில நிக்கறதை யார் மடியில வெச்சுண்டு போறது?"

சுவருக்கு மேலே நாகேஸ்வரனின் தலை முளைத்தது.

"காய்ச்சுதா? கொள்ளாமா, நன்னா இருக்கா?"

"கொள்ளாம் மாமா. அடுத்தது உங்களுக்கு."

"ஷரி. வெள்ளிக்கிழமையாப் பாத்துப் பறிச்சுத் தாங்கோ" என்றார் அவர். "சுக்ரனுக்கு நைவேத்யமாவது பண்ணிடறேன். அவர்கிட்ட எனக்கு ஒரு கணக்கு பாக்கி நிக்கறது."