கூர்ப்புப் பாடம்

"குரங்கிலயிருந்து மனிசன் வந்தவன் எண்டு நான் சொல்லவேயில்லை, சேர்" என்று பிரஷாந்தினி மறுபடியும் சொன்னாள்.

அதிபர் யோகநாதன் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்துப் பள்ளிக்கூடம் அது. அங்கே பதினோராம் தரத்துக்கு அவள்தான் விஞ்ஞான ஆசிரியை. உயிரினங்கள் காலப்போக்கில் மாறிவந்ததைச் சொல்லும் கூர்ப்புப் பாடத்தை அந்த வாரந்தான் தொடங்கியிருந்தாள். மனிதனுக்கும் குரங்குக்கும் மிகப் பழைய காலத்தில் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது என்றாள். அது வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள், 'உங்கட அப்பப்பா குரங்கு எண்டு ரீச்சர் சொன்னவா' என்றாகிவிட்டது.

"தாய் தகப்பன்மார் சண்டைக்கு வருகினம், பிள்ளை. தசாவதாரத்தில மீன், ஆமை, பண்டி, பிறகு மனிசன் எண்டு வரிசையா வருகுதுதானே? அதோட சேர்த்துச் சொல்லிவிடுங்கோ. ஒருத்தரும் கதைக்கமாட்டினம்."

"வகுப்பில அரைவாசிப் பேர் வேதக்காரப் பிள்ளையள், சேர். கிறிஸ்தவப் பிள்ளையளுக்குத் தசாவதாரத்தை எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப புத்தகத்தை வாசிக்க விட்டிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கோ."

"சோதினைக்குக் கேள்வி வரும்."

"வந்தா எழுதட்டும். நம்பத் தேவையில்லை எண்டு சொல்லிவிடுங்கோ."

தலையிடியோடு வகுப்புக்குத் திரும்பினாள்.

வகுப்பில் கம்சாவின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. உயர்தரத்தில் உயிரியல் படிக்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அவள். குரங்குக் கதை பரவிய நாளிலிருந்து, அவளுடைய தாய் யூலிற்றா அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பிரஷாந்தினி கோயிலுக்குப் போய்ப் பாதரிடம் முறையிட்டாள். கூர்ப்பைப் படிப்பதால் விசுவாசம் கெட்டுப்போகாது, தானே யூலிற்றாவோடு கதைப்பதாகப் பாதர் சொன்னார். கதைத்தும் பார்த்தார். கம்சா வரவில்லை.

சனிக்கிழமை பிரஷாந்தினியே அவர்களுடைய வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் யூலிற்றா கருவாடு பிரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாதர் கதைச்சவர், ரீச்சர். அவர் படிச்ச மனிசன், எல்லாத்துக்கும் இடம் விட்டுத்தான் கதைப்பார். எனக்கு அது காணாது."

"பாதர் சொல்லியும் காணாதெண்டா இனி நான் ஆரையக்கா கூட்டிக்கொண்டு வாறது?" குரல் உயர்ந்துவிட்டது. அவளுக்கே அது கேட்டது.

யூலிற்றா நிமிர்ந்து பார்த்தார். "மனிசனும் மிருகந்தான் எண்டு படிப்பிச்சனீங்களாம். ஓமோ?"

"உயிரியல்ல அப்பிடித்தானக்கா."

"மிருகம் செத்தா அதோட சரி. அப்ப என்ர ஸ்ரீபன்?"

ஸ்ரீபன் அவருடைய மூத்த மகன். போன வருடம் கடலில் படகு கவிழ்ந்து இறந்துபோனவன். செத்தவீட்டுக்குப் பிரஷாந்தினியும் போயிருந்தாள். உயிர்ச்சுவடுகளைப் பற்றி, எலும்புகளைப் பற்றி வழிநெடுக யோசித்து வைத்த விளக்கங்களில் ஒன்றுகூட இந்த முற்றத்தில் செல்லுபடியாகாது என்பது அவளுக்கு விளங்கியது. அதுவும் அவளுக்கு எரிச்சலைத் தந்தது. இதை ஏன் தனக்கு முதலிலேயே யோசிக்கத் தோன்றவில்லை?

குசினிக்குள்ளிருந்து கம்சா வெளியே வந்தாள்.

"அம்மா, அண்ணா இப்ப எங்க இருக்கிறான் எண்டு அந்தப் பாடத்தில ஒரு இடத்திலயும் இல்லை. அது உடம்பைப் பற்றித்தான் சொல்லுது. அண்ணாக்காக நான் ஒவ்வொரு நாளும் செபிக்கிறன். இனியும் செபிப்பன். பாடத்தையும் படிப்பன்."

யூலிற்றா கருவாட்டில் மொய்த்த இலையான்களைக் கையால் விரட்டினார்.

"திங்கக்கிழமை வருவாள்" என்றார் கடைசியில். "ஆனா அந்த மிருகக் கதையை இந்த வீட்டில கதைக்கக் கூடாது. இருங்கோ ரீச்சர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

சொன்னபடியே திங்கட்கிழமை கம்சா வந்தாள். பாடமும் ஒருவழியாக முடிந்தது. பிரஷாந்தினி நிம்மதியாக மூச்சுவிட்டபடி ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது, யோகநாதன் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, அடுத்தது இனப்பெருக்கமாமே? இப்பவே ஒரு தகப்பன் வந்து கதைச்சிட்டுப் போறார்."

அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.