இடது பக்கமே ஓடுகிறவன்

வீடியோ கேம் பெட்டியின் திரைக்குள் இருந்த ஆள் காலை வேளைகளில் இடது பக்கமாகவே ஓடினான். யாரும் ஆளை நகர்த்துகிற குச்சியைத் தொடவில்லை, பட்டனை அழுத்தவில்லை. அவன் பாட்டுக்கு ஓடிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு, முட்டின இடத்திலேயே காலை உதறிக்கொண்டிருப்பான். கொஞ்ச நேரத்தில் படம் நடுங்கும், திரை கறுக்கும், பெட்டி தானாக அணைந்து தானாக எரியும். அருவி பார்க்க வந்த பிள்ளைகள் பேய் பிடித்த பெட்டி என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடும். மத்தியானம் வெயில் ஏறினால் எல்லாம் ஒழுங்காகிவிடும். ஆனால் மத்தியானத்துக்கு மேல் கல்வராயன் மலையில் யார் விளையாட வருகிறார்கள்? காலையில் வந்து குளித்துவிட்டு, சோற்றைத் தின்றுவிட்டு இறங்குகிற கூட்டம் அது.

இருசம்மாளுக்கு இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஐம்பது வயதுக்குள் அவள் சங்கராபுரத்துப் பக்கம் பிடுங்காத மரவள்ளி இல்லை, வெட்டாத கரும்பு இல்லை. அந்த வேலையெல்லாம் உடம்பைத்தான் முறித்தது. இந்தப் பெட்டி மனசை முறித்தது.

பெட்டி அவள் மகன் சந்தோஷுடையது. மூன்று வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவன், இனிமேல் ஒருத்தன் கீழே கைகட்டி நிற்க மாட்டேன் என்று திரும்பி வந்து, அருவிக்குப் போகிற பாதையில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தான். டீ, பஜ்ஜி, ஐஸ்கிரீம், அதோடு இந்தப் பெட்டி. சென்னையில் மூடிப்போன ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து கள்ளக்குறிச்சி டிவி மெக்கானிக் தமிழரசன் வாங்கிக் கொடுத்தார். ஒரே பெட்டிக்குள் அறுபது விளையாட்டு. முதல் இரண்டு வாரம் பஜ்ஜி தீய்ந்தாலும் தீயட்டும் என்று பெட்டிக்கு முன்னால் வரிசை நின்றது. கொட்டகைக்குப் பின்னாலேயே தாயும் மகனும் பாய் விரித்தார்கள். கணவன் போன பிறகு அவள் சிரித்துப் பேசிய நாட்கள் அவைதான்.

அப்புறம் ஆள் இடது பக்கம் ஓட ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கெழம வரிக்கும் பாப்பம்மா. அதுக்குள்ள பொட்டி சரியாவலன்னா நான் திருப்பூருக்கே போய்டறேன். கூட வேல செஞ்ச அஜித் எனக்கு எடம் புடிச்சு வச்சிக்கினு இருக்கான்" என்றான் சந்தோஷ். சொன்னதோடு நிற்காமல் துணிமணிகளைப் பையில் திணித்து ஆணியில் மாட்டியும் வைத்துவிட்டான். அந்தப் பையைத் தாண்டாமல் இருசம்மாளால் அடுப்புக்குப் போக முடியாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அது சந்தோஷுக்கும் தெரியாது, தமிழரசனுக்கும் தெரியாது.

வரிசை நின்ற நாட்களில் இருசம்மாளுக்கு உள்ளூரப் பயம் வந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பதை அவள் பட்டுத் தெரிந்துகொண்டவள். அவள் கணவன் சின்னதுரை ஒரு காலத்தில் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஓட்டினான். கூலிக்காரன் வீட்டு வாசலில் டிராக்டர் நிற்கிறதே என்று ஊரே வந்து பார்த்தது. மூன்றாம் மாசம் கரும்பு பாரத்தோடு வண்டி கவிழ்ந்து அவன் செத்துப்போனான். வண்டிக்கு பிரேக் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இருசம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் கட்டாமல் விட்டோமே என்றுதான் இன்றைக்கு வரைக்கும் அழுகிறாள்.

அதனால் பெட்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். சந்தோஷ் பிய்த்து எறிந்தான். டவுனிலிருந்து வருகிறவர்கள் சிரிக்கிறார்களாம். சரிதான் போடா என்று, கல் உப்பு இரண்டு கை, காய்ந்த மிளகாய் ஏழு, படிகாரத் துண்டு ஒன்று, எல்லாவற்றையும் கறுப்புத் துணியில் முடிந்தாள். பெட்டியின் பின்கதவுச் சாவி அவள் முந்தானையில்தான் இருந்தது. கதவைத் திறந்து, உள்ளே மேல்சட்டத்தில் இருந்த ஆணியில் முடிச்சைத் தொங்கவிட்டுப் பூட்டினாள். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மறுநாள்தான் கோளாறு தொடங்கியது. அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? முடிச்சு கட்டியே இத்தனை ஆட்டம் ஆடுகிறதே, கட்டாமல் விட்டிருந்தால் பெட்டி எரிந்தே போயிருக்கும் என்று நினைத்தாள். ஞாயிறுதோறும் பழைய உப்பைக் கொட்டிவிட்டுப் புது உப்பு கட்டினாள். இரண்டு கை உப்பு மூன்று கையானது.

தமிழரசன் வருகிறார் என்று போன் வந்தால் மட்டும் முடிச்சை எடுத்து அரிசி டிரம்மில் ஒளித்துவிடுவாள். மெக்கானிக் பார்த்தால் மகனிடம் சொல்லிவிடுவார் என்கிற பயம். அவர் இறங்கிப்போனதும் மறுபடி ஆணிக்குப் போய்விடும்.

பாவம் தமிழரசன். முதல் தடவை பவர் சப்ளையை மாற்றினார். இரண்டாம் தடவை கொட்டகை ஒழுகுகிறது போலிருக்கிறது என்று பெட்டிக்கு மேலே தார்ப்பாய் கட்டச் சொன்னார். அதற்கும் சரிவராமல், உள்ளே இருந்த போர்டைக் கழற்றிக் கள்ளக்குறிச்சிக்கே கொண்டுபோய், பள்ளிக்கூடத்து ரப்பரால் அதன் ஓரத்தில் ஒயர் வந்து சேருகிற பித்தளைப் பல்லையெல்லாம் தேய்த்து, கடையில் இரண்டு நாள் விடாமல் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு நடுக்கம் இல்லை. மேலே கொண்டுவந்து மாட்டின மூன்றாம் நாள் காலை ஆள் பழையபடி இடது பக்கம் ஓடினான்.

சனிக்கிழமை காலையில் ஐந்தாவது தடவையாக வந்தார். மலைவளைவுகளில் பனிக்குள் வண்டி ஓட்டி வந்ததில் மீசையெல்லாம் ஈரம். டீயைக் கூட உட்கார்ந்து குடிக்கவில்லை.

"இதாங்க கடைசி. இன்னிக்கும் புரிபடலன்னா நான் கைய விரிச்சிடுவேன். என்னால இதுக்கு மேல மல ஏற முடியாது" என்றார் இருசம்மாளிடம்.

"நீங்களே இப்படி சொன்னா எப்படிங்க தம்பி" என்றாள் அவள். முடிச்சை டிரம்மில் போட்டுவிட்டு வந்த கை இன்னும் பிசுபிசுத்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

தமிழரசன் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தார். போர்டின் பித்தளைப் பற்களில் மறுபடி பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பற்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ படிந்து, மேலே ஈரம் மினுமினுத்தது. விரலால் தொட்டார். என்ன தோன்றியதோ, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சந்தோசு, உப்பு கரிக்குதுப்பா."

"உப்பாண்ணே?"

"ஆமா. உப்புத்தண்ணி எறங்கி, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் பாலம் போட்டுடுது. குச்சிய யாரோ இடது பக்கம் அழுத்தறாப்பல போர்டுக்குத் தோணுது. வெய்யில் வந்தா காஞ்சி நின்னுடுது. எங்கருந்துடா வருது உப்பு?"

சந்தோஷ் கடை முன்னால் இருந்த மாங்காய்த் தட்டைப் பார்த்தான். உப்பும் மிளகாய்த்தூளும் தூவின மாங்காய்க் கீற்று. "பசங்க அதத் தின்னுட்டு அதே கையோட வெளையாடுதுங்கண்ணே. இன்னியோட மாங்காய நிறுத்திடறேன்."

"கைல இருக்கற உப்பு முன்னாடி பட்டனுக்குத்தான் போவும். பின்னாடி போர்டுக்கு எப்படிப்பா போவும்?" தமிழரசன் தலையைச் சொறிந்துகொண்டார்.

ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் முடிச்சு வியர்த்திருந்ததும், கை நனைந்ததும், பனிதானே என்று துடைத்துப் போட்டதும் இருசம்மாளுக்கு அடுத்தடுத்து ஞாபகம் வந்தன. மழைக்காலத்தில் வீட்டு உப்புச் சாடி தண்ணீர் விடுவது அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. எந்தக் கை மகனைக் கட்டிவைக்க முடிச்சுப் போட்டதோ, அதே கைதான் அவனை பஸ் ஏற்றிவிடப் பார்த்திருக்கிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. முடிச்சை மலைச்சரிவில் வீசிவிட்டால் பெட்டி தானே சரியாகிவிடும். ஆனால் பார், தமிழரசன் மறுபடி மண்டியிட்டு, கொட்டகையின் ஒவ்வொரு தகரத்திலும் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். தன் வீட்டுப் பிழைக்காக ஒரு மனுஷன் முட்டி தேய ஐந்து தடவை மலை ஏறியிருக்கிறான் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போய் டிரம்முக்குள் கையை விட்டாள்.

கறுப்பு முடிச்சை அவர் எதிரில் வைத்தபோது அதிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"அந்த ஆணில நான்தான் கட்டி வுட்டேங்க. நீங்க வரும்போதெல்லாம் எடுத்து ஒளிச்சிடுவேன்."

தமிழரசன் முடிச்சைப் பார்த்தார், மேலே ஆணியைப் பார்த்தார், அதற்கு நேர் கீழே இருந்த போர்டைப் பார்த்தார். "பதினெட்டு வருசமா ரிப்பேர் பாக்கறேன்க்கா. கரப்பான் பூச்சி பாத்துருக்கேன், எலிக்குஞ்சு பாத்துருக்கேன்" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சந்தோஷ் முடிச்சை எடுத்துக் கையில் எடை பார்த்துவிட்டு அங்கேயே வைத்தான்.

"மொதல் நாளே சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொன்னா தூக்கிப் போட்டிருப்ப."

"ஆமா. போட்டுத்தான் இருப்பேன்" என்றான். சொல்லிவிட்டு அருவிப் பக்கம் இறங்கிப் போனான்.

தமிழரசன் ஸ்பிரிட்டும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்துப் பற்களைத் துலக்கி மாட்டினார். பனி விலகாத அந்த நேரத்திலேயே பெட்டிக்குள் ஆள் நின்ற இடத்தில் நின்றான். குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம் போனான். இருசம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முடிச்சு இல்லாத பெட்டியைப் பார்க்கையில் டிராக்டர்தான் கண்ணுக்குள் நின்றது. கோபத்தோடு போனவன் கோபத்தோடே பஸ் ஏறிவிட்டால்? அவனையாவது காக்கட்டும் என்று அந்த முடிச்சை எடுத்து அவன் பைக்கு அடியில், அடுப்பு ஓரமாக வைத்தாள். நாளைக்கு அவன் கிளம்பும்போது துணிகளுக்கு நடுவே செருகிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து எழுந்தபோது, இரவு வந்து படுத்த மகன் பாயில் இல்லை. அடுப்பு ஓரத்தில் முடிச்சும் இல்லை. பை மட்டும் ஆணியில் தொங்கியது. அவசரமாகத் தொட்டுப் பார்த்தாள். கையில் உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது. பையைத் திறந்தாள். பஜ்ஜிக்கு வாங்கின வெங்காயம் நிரம்பியிருந்தது. அவன் துணிகள் கொடியில் கிடந்தன.

முன்பக்கம் போனாள். பனி கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றது. பெட்டிக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டிருந்தன, சந்தோஷ் டீக்குப் பால் ஏற்றிக்கொண்டிருந்தான். பெட்டியிலிருந்து நான்கு முழம் தள்ளி, வருகிற போகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, வாசல் தகரத்தில் கறுப்பு முடிச்சு தொங்கியது. சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க அதற்குக் கீழே ஒரு காலி ஐஸ்கிரீம் கப்பைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தான்.