சாமி பிளக்

மூன்று வாரமாகத் தினமும் காலையில் இதே கூத்துதான். தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் சேர்வர் எழும்பும். அதற்குள் இருக்கும் டிரெக்டரி சேர்விஸ் எழும்பாது. யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியல் அதனிடம்தான். அது படுத்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் எவருடைய பாஸ்வேர்டையும் ஏற்காது. ஏழரைக்கு வேலைக்கு வரும் ஜீவராணி ஒருதரம் அணைத்துப் போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் ஓடும்.

அதுவே அவளுக்கு வினையானது.

“இவ கை பட்டாத்தான் வேல செய்யுதுங்க தொர,” என்றார் பெரிய கிளாக்கர் மாரிசாமி நேற்று, அவளை வைத்துக்கொண்டே. “வேலைய நிரந்தரமாக்கிக்க ஏதோ பண்ணி வச்சிருக்கா. தொழிலாளி லயத்துப் புள்ள படிச்சா இப்படித்தான்.”

தோட்டத்து மேலாளரான தொரை அவளைப் பார்க்கவேயில்லை. “நாளைக்கும் இப்படின்னா பதுளையிலருந்து வேற ஆள் எடுப்போம்.”

ஜீவராணி வீடு போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

இன்று பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் கூடும்போதே, ஆறு மணிக்கு, ஆபீஸில் வந்து நின்றாள். தொரையும் வந்திருந்தார். மாரிசாமி செருப்பைக் கழற்றினார். சேர்வரைப் போட்டார். அடுத்து, மூன்று வாரத்துக்கு முன் கதிர்காமத்திலிருந்து கொண்டுவந்த முருகன் படத்துக்குப் பூ வைத்தார். சுவரில் ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, படத்தின் கலர் பல்பு வயரைச் செருகினார். மணி, சூடம், திருநீறு. பத்து நிமிடம் கழித்துத்தான் பழைய பிளக் திரும்ப ஏறியது.

அது நெட்வேர்க் பெட்டியின் பிளக்; சேர்வரையும் கம்ப்யூட்டர்களையும் இணைப்பது அந்தப் பெட்டிதான்.

ஜீவராணி சேர்வரின் முன்னால் உட்கார்ந்து அதன் பதிவைத் திறந்தாள். 6.04: சேர்விஸ் நெட்வேர்க்கைத் தேடியது, கிடைக்கவில்லை, நின்றுவிட்டது. 6.13: நெட்வேர்க் வந்தது. அதற்குப் பிறகு அதை எழுப்ப ஆளில்லை.

“தொர, இதப் பாருங்க.” திரையை அவர் பக்கம் திருப்பினாள். “கிளாக்கரையா, சாமி லைட்டுக்கு எதப் புடுங்குறீங்க?”

“ஏதோ பொட்டி. அதுக்கென்ன?”

“அந்தப் பொட்டி இல்லாமத்தான் இது தெனமும் சாகுது.”

“சாமி காரியத்துல வாய் வைக்காத புள்ள!”

“சாமி ஒன்னும் பண்ணல. புடுங்குனது நீங்க.”

தொரை சிரித்துவிட்டார். “சரி சரி, பெரியவர்தானே. விடுங்க ஜீவராணி. சீக்கிரம் போடுங்க, வெளிய ஆள் நிக்குது.”

நெட்வேர்க் வரும்வரை சேர்விஸ் காத்திருக்க ஒரே ஒரு வரி போதும். அதை எழுதினாள். அணைத்துப் போடும் பட்டனில் விரலை வைத்தாள். அழுத்தவில்லை.

“நேத்து சொன்னத மொதல்ல கிளாக்கரையாவ வாபஸ் வாங்கச் சொல்லுங்க.”

மாரிசாமி நெற்றித் திருநீற்றைத் தடவினார்.

“தெரியாம சொல்லிட்டேன்மா.”

“என்கிட்ட இல்ல. தொரகிட்ட சொல்லுங்க.”

சொன்னார். அவள் பட்டனை அழுத்தினாள்.