பான்ஜோவுக்கு ஒரு முன்னுரை

பான்ஜோ வாங்கிய பிறகு அதன் கம்பிகளைத் தொட்டதைவிட அதன் பெயரைப் பற்றிப் படித்ததே அதிகம். விரல் நொந்தால் நூலகத்துக்குப் போவேன். படிக்க விரல் நோவதில்லை.

சுவர்ணா அப்படியில்லை. லண்டனில் ஹவுன்ஸ்லோவிலிருந்து விமான நிலைய வேலைக்குப் போகிறவள். ஷிப்ட் முடிந்ததும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டுக்கு வருவாள். இருவருமாக ஒரு சின்ன மெட்டைப் பழகியிருந்தோம். ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் அதை வாசிக்க அவளே பெயர் கொடுத்தாள். 2009 நவம்பர். ஊரில் போர் அத்தனை பேரைக் கொண்டுபோன, ஆண்டு விழா என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வராத வருடம்; 'இசைச் சந்திப்பு' என்றார்கள். அன்றைக்கு லீவு கிடைக்க, கிறிஸ்மஸ் ஷிப்டை அவள் வாங்கிக்கொண்டாள். மேடையில் வாசிப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"ஏறினவுடனை வாசிப்பம், அக்கா. கதை வேண்டாம்."

"ஓம். ரெண்டு வசனம் மட்டும்."

மேடையில் என் கை கம்பிக்குப் போகவில்லை. வாய் மைக்குக்குப் போனது. "அவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்கினேன். அப்படித் தொடங்கினால் பிறகு ஒருவரையும் விட ஏலாது. முன்வரிசை முழுவதையும் விளித்துவிட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி மீட்டியதற்கு வந்தேன். பான்ஜோ என்ற பெயர் அங்கோலாப் பக்கத்து மொழியொன்றிலிருந்து வந்தது என்பார் சிலர், போர்த்துக்கேயரிடமிருந்து என்பார் சிலர், முடிவாகத் தெரியாது என்றேன்.

முன்வரிசையில் பத்மநாதன் அண்ணை எழும்பினார். "பிள்ளை, அது 'பஞ்ச' எண்டதிலயிருந்து வந்தது. அஞ்சு கம்பியெல்லே."

அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. அவரை மறுத்துப் பேசியே இன்னும் எவ்வளவோ நேரத்தை ஓட்டலாம்.

"ஆரம்பத்தில எல்லாத்துக்கும் அஞ்சு கம்பி இல்லை, அண்ணை."

"அப்ப ஒண்டு அறுந்திருக்கும்."

சபை சிரித்தது. நான் ஆதாரங்களை எடுத்து வைத்தேன். கடைசியில் நிகழ்ச்சியை நடத்திய சச்சிதானந்தன் மாஸ்ரர் மணியை அடித்தார்.

"நேரம் முடிஞ்சுது. அருமையான உரை. அடுத்தது, சின்னப் பிள்ளையளின்ர பாட்டு."

கைதட்டினார்கள். மடியில் பான்ஜோ பத்திரமாக இருந்தது. தப்பிவிட்டேன் என்ற நிம்மதி அவ்வளவு இனிப்பாக இருந்ததில் எனக்கே கூச்சம். பக்கத்தில் திரும்பினேன். சுவர்ணாவின் இடக்கை விரல்கள் இன்னும் மெட்டின் முதல் சுரங்களை அழுத்தியபடியே இருந்தன. நான் பேசிய நேரமெல்லாம் அப்படியே பிடித்திருந்திருக்கிறாள்.

"மாஸ்ரர், அது அக்கான்ர நேரம்," என்றாள் சுவர்ணா, மைக்கில்லாமலே. "என்ரை இனித்தான்."

"பிள்ளை, நேரம்..."

அவள் தொடங்கிவிட்டாள். கிட்டார் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் சேராவிட்டால் அது வெறும் தாளம்தான். மெட்டு முழுவதும் என்னிடம் இருந்தது. சேர்ந்தேன். இரண்டாவது வரியிலேயே பிழை விட்டேன். மன்னிக்கவும், இதற்கொரு காரணம் உண்டு என்று சபைக்குச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"வாயை மூடிக்கொண்டு வாசியுங்கோ, அக்கா," என்றாள் சுவர்ணா, சபையைப் பார்த்துச் சிரித்தபடி.

வாசித்தேன்.