இரண்டு விநாடிப் பணிமுறிவு

நான் வேலையில் இல்லை என்று நான் புரோகிராம் எழுதிய மெஷினே என்னிடம் சொன்னபோது மணி ஐந்தேகால். வந்த ஆத்திரத்தில் விரலைத் துடைத்துத் துடைத்து நாலு தடவை வைத்துப் பார்த்தேன். நாலு தடவையும் சிவப்பு விளக்கு. "இந்த எண்ணில் பணியாளர் இல்லை" என்றது ஒரு பெண் குரல். அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்த புண்ணியவதியும் நான்தான்.

எங்கள் கம்பெனி, விரல் வைத்தால் கதவு திறக்கும் மெஷின் செய்கிறது. அதற்குள் ஓடும் புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. ஆபீஸின் கீழ்த்தளத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் உண்டு. அதன் வாசலிலும் எங்கள் மெஷின்தான். பச்சை விளக்கு எரிந்தால்தான் ஆயா பிள்ளையை வெளியே விடுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் நாலு வயது மகள் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஆயாம்மா, என்னைத் தெரியலையா? காலைல நான்தானே கொண்டுவந்து விட்டேன்?"

"நல்லாத் தெரியுது கண்ணு. பாப்பாவுக்கு அப்படியே உன் மூக்கு. ஆனா மெஷினுக்குத் தெரியலையே, நான் என்ன பண்ண? ஆறு மணிக்குள்ள சரிபண்ணிட்டு ஓடி வா. ஆறு அடிச்சா பாப்பாவை ரூமுக்கு அனுப்பணும்."

ரூம் என்றால் உரிமை கோரப்படாத பொருட்கள் அறை. குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைக் கையுறை எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஆறு மணிக்குள் யாரும் அழைத்துப் போகாத குழந்தையின் கையில் சீட்டுக் கட்டி அங்கே வைக்க வேண்டும், முப்பது நாளுக்குள் தகுந்த ஆதாரத்தோடு பெற்றுக்கொள்ளலாம் என்று போன வருடம் ஒரு உத்தரவு வந்தது. போட்டவர் எங்கள் நிர்வாக மேலாளர். தும்மினாலும் சுற்றறிக்கை விடுவார் என்பதால் ஆபீஸில் அவருக்குப் பெயரே சுற்றறிக்கை. நாங்கள் எல்லாரும் அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

யாரோ திறந்த கதவில் நுழைந்து மாடிக்கு ஓடி, என் மேஜையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். காலையில் 'பணியாளரை நீக்கு' என்ற கட்டளையைச் சோதித்தேன். சோதனைக்கு எப்போதும் என் எண்ணைத்தான் கொடுப்பேன், நாற்பத்தொன்று. அடுத்தவர் எண்ணில் கை வைக்கக் கூடாதே என்ற நல்ல மனசு. கேபிள் சோதனை மெஷினில் செருகியிருக்கிறது என்று நினைத்தேன். அது செருகியிருந்தது ஆபீஸின் எல்லாக் கதவுகளும் கேட்டுக்கொள்ளும் மெயின் மெஷினில்.

நீக்கியதைத் திரும்பச் சேர்த்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். பெயர்கள் எல்லாம் இருப்பது ஃபிளாஷ் மெமரியின் ஒரே பக்கத்தில். ஆளுக்கு ஒரு பிட்: ஒன்று என்றால் வேலையில் இருக்கிறார், பூஜ்யம் என்றால் இல்லை. ஒன்றைப் பூஜ்யமாக்குவது கண் சிமிட்டும் நேரத்தில் முடியும். பூஜ்யத்தைத் திரும்ப ஒன்றாக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் முழுவதையும் அழித்துவிட்டு எல்லாரையும் மறுபடி எழுத வேண்டும். நோட்டில் ஒரு பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, பிறகு தாளையே கிழித்துப் புதுத்தாளில் எல்லாப் பெயரையும் எழுதுவது போலத்தான். பக்கத்தில் அறுபத்துநாலு பேருக்கு இடம், நாங்களும் சரியாக அறுபத்துநாலு பேர். புதிதாக என்னைச் சேர்க்க ஒரு மூலைகூடக் கிடையாது. எல்லாரையும் தற்காலிகமாக வேறு இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தை அழித்து, திரும்ப எழுத மொத்தமே இரண்டு விநாடி. ஆனால் அழிப்பதற்கு மேலாளரின் பாஸ்வேர்டு வேண்டும்.

சுற்றறிக்கை எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். பிறகு, "அந்த ரெண்டு செகண்ட் நான் யாரு?" என்றார்.

"சார்?"

"பக்கம் காலியா இருக்கற ரெண்டு செகண்ட். நான் வேலைல இருக்கேனா, இல்லையா?"

"மெஷின்ல இருக்க மாட்டீங்க சார். இந்த நாற்காலில இருப்பீங்க."

"பத்தொன்பது வருஷம் விடாத சர்வீஸ்மா. நடுவுல ரெண்டு செகண்ட் பணிமுறிவு விழுந்தா, நான் மறுபடி ஜூனியர்லேர்ந்து ஆரம்பிக்கணும். எனக்கு மட்டுமில்ல, அறுபத்துமூணு பேருக்கும் அதே கதிதான். எல்லார்கிட்டயும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டு வா."

"சார், என் பொண்ணு கீழ நிக்கறா. ஆறு மணிக்கு அந்த ரூமுக்கு அனுப்பிடுவாங்க."

"அதுக்கு ஒரு மனு இருக்கே. ஆனா பணியாளர்தான் கொடுக்க முடியும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பார்க்கப் போனா, உன்னை உள்ள விட்டதே தப்பு."

கையெழுத்துக்கு நாயாக அலைந்தேன். முதலில் என் பக்கத்து சீட்காரி, தினமும் என் டப்பாவில் கை விட்டுத் தின்கிறவள். "எனக்கு ஒண்ணும் இல்லடி. ஆனா அடுத்த மாசம் எனக்கு புரமோஷன். நான் இல்லாத ரெண்டு செகண்டுல அதை வேற யாருக்காவது தூக்கிக் கொடுத்துட்டா?" என்றாள். அடுத்தவர், இரண்டு விநாடியை ஒன்றாகக் குறைக்க முடியுமா என்று பேரம் பேசினார். இன்னொருவர், சரியாக அந்த நேரத்தில் தனக்கு மாரடைப்பு வந்தால் கம்பெனி பொறுப்பேற்குமா என்று கேட்டார். ஐந்தே முக்காலுக்கு என் கையில் இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. அது என்னுடையது, செல்லாது.

அழுகை வரப் பார்த்தது. அதற்கு முன்னால் கோபம் முந்திக்கொண்டது. ஒருத்தியைச் சேர்க்கத்தான் ஊரையே கூட்ட வேண்டும். நீக்குவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, பாஸ்வேர்டும் கிடையாது. சுற்றறிக்கையின் இரட்டைப் பையன்களும் அதே காப்பகத்தில்தான் இருந்தார்கள். அவருடைய எண்ணை அடித்தேன். ஒரு தட்டு. பத்தொன்பது வருஷமும் பூஜ்யம்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போய், மெயினோடு பேசும் வாசல் மெஷினில் கேபிளைச் செருகிவிட்டு நின்றேன். ஐந்து ஐம்பதுக்கு அவர் வந்து விரலை வைத்தார். சிவப்பு.

"ஆயா, கதவைத் திற. நான் மேலாளர்."

"மெஷின் இல்லேங்குதே சார்."

"என்னை உனக்குத் தெரியாது?"

"தெரியும் சார். இவங்களையும் தெரியும்" என்று ஆயா என்னைக் காட்டினார். "தெரிஞ்சு என்ன பண்ண? நீங்க போட்ட உத்தரவுதானே." அவர் கையில் நூலும் மூன்று சீட்டுகளும் தயாராக இருந்தன.

சுற்றறிக்கையின் முகம் வெளுத்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் மறைக்கவில்லை. "நான்தான் சார் பண்ணேன். வேணும்னேதான் பண்ணேன்."

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அங்கேயே குந்தி, ஒரு தாளை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார்: 'மேற்படி இரண்டு விநாடிகளும் உணவு இடைவேளையாகக் கருதப்படும்.'

"வேலைல இல்லாதவர் போடற கையெழுத்து செல்லுமா சார்?" என்று கேட்டார் ஆயா. நிஜமான சந்தேகம்தான்.

சுற்றறிக்கை பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு நேற்றைய தேதியைப் போட்டார். நேற்று அவர் இருந்தார், அதை யாரும் மறுக்க முடியாது.

பாஸ்வேர்டை என் காதில் சொன்னார். அழித்தேன். இரண்டு விநாடி அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் வேலை இல்லை. மாடியில் யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். பிறகு அறுபத்துநாலு பேரும் திரும்ப ஏறினோம்.

அவர் முந்திக்கொண்டு விரலை வைத்தார். பச்சை. பையன்கள் இரண்டு பேரும் பாய்ந்து வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்து நான் வைத்தேன். பச்சை. மணி ஐந்து ஐம்பத்தெட்டு. ஆயா கதவை அகலத் திறந்தார்.

என் மகள் வரவில்லை. முக்கால் மணி நேரம் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், நின்ற இடத்திலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாடி செல்லம், அம்மா வந்துட்டேன்."

அவள் ஆயாவின் பக்கம் திரும்பினாள். "மெஷின் சொல்லிடுச்சா ஆயாம்மா?"

"சொல்லிடுச்சு பாப்பா. அம்மாதான்."

அதற்கப்புறம்தான் அவள் என் கையைப் பிடித்தாள்.