மெஷின் நின்று இருபது நிமிடம்

லோஷினியை அந்த ஹோட்டலில் சேர்த்துவிட்டதே நான்தான். ஜொகூர் பாருவில் வேலை இல்லாமல் அலைந்தவளை மேனேஜர் ராஜசேகரனிடம் கூட்டிப்போய், "என் தங்கச்சி மாதிரி" என்று சொன்ன என் வாயை என்னவென்று சொல்வது? இரண்டே வருடத்தில் எனக்கே சூப்பர்வைசர் ஆனாள். சத்தியமாக அதில்கூட எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை.

சனிக்கிழமையானால் சிங்கப்பூர்க்காரர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். சிகரெட் பிடித்து நாறவைத்த அறையில் ஓசோன் மெஷினை ஓடவிட்டுக் கதவைச் சாத்துவோம். நாற்றம், கிருமி எல்லாவற்றையும் அந்த வாயு தீர்த்துவிடும். ஆள் உள்ளே போனால் நுரையீரலையும் பதம் பார்த்துவிடும். அதனால் மெஷின் நின்று இரண்டு மணி நேரம் கழித்துத்தான் நுழைய வேண்டும்.

அன்றைக்கு லோஷினி வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "அக்கா, 614ல மெஷின் நின்னு ரெண்டு மணி நேரம் ஆச்சு. சீக்கிரம் போங்க லா, கெஸ்ட் கீழ நிக்கிறாங்க."

போனேன். மின்னல் வெட்டும்போது வருமே ஒரு வாசனை, அது சுள்ளென்று மூக்கில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாயு போய்விட்டது என்று நினைத்து மெத்தை விரிப்பை மாற்றத் தொடங்கினேன். மரத்துப்போனது என் மூக்குதான் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

நெஞ்சு இறுகி, இருமி இருமி வெளியே வந்து விழுந்தேன். லோஷினி ஓடிவந்தாள். "பயப்படாதீங்கக்கா" என்றபடி போனில் தட்டினாள். ஆம்புலன்சைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மேனேஜர் தன் அறைக்கு அழைத்தார்.

"மெஷின் நின்னு இருபது நிமிஷத்துல உள்ள போயிருக்கீங்க, யோகேஸ்வரி. இதுக்கு மேல உங்கள வேலையில வச்சுக்க முடியாது."

பக்கத்தில் நின்ற லோஷினி என் முகத்தைப் பார்க்கவில்லை. "போக வேணாம்னுதான் சொன்னேன் சார். அக்கா கேக்கல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ அனுப்புன மெசேஜ் என்கிட்ட இருக்குடி" என்று போனைத் திறந்தேன். அவள் எழுதிய இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது.

"சார், அன்னைக்கு ஆம்புலன்சுக்கு போன் பண்ணது யாரு?"

"செக்யூரிட்டி விஜயன். ஏன்?"

மூச்சுக்குத் தவித்து நான் அவள் கையைப் பிடித்திருந்தபோது, மற்ற கையால் அவள் அந்த மெசேஜைத்தான் அழித்துக்கொண்டிருந்தாள்.